ஒரு கிலோ மீனுக்கு 115 பேர்

சுவா சூ காங்கில் அத்தை வீட்டு புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடைக்கு மைனாக்கள்தான் முதல் வாடிக்கையாளர்கள். யாராவது எழுந்து போன மேசையில் பிராட்டாத் துணுக்கு ஒன்று கிடந்தால் போதும். நாற்காலி முதுகில் காத்திருந்தது குதித்து வரும், பின்னாலேயே இன்னொன்று வரும். அத்தைக்கு இவற்றைக் கண்டாலே ஆகாது. போன சனிக்கிழமை நான் போனபோது ஒரு கையால் மைனாவை விரட்டிக்கொண்டே மறு கையால் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதப் பாருடா. பேத்தி அனுப்பியிருக்கா. பாத்ததுலேர்ந்து வயித்தக் கலக்குது."

பார்த்தேன். வெளிறிய தரை, நடுவில் கட்டி வைத்த ஒரு மீன் துண்டம். அதன் மேல் சாம்பல் நிறத்தில் நீள நீளமாக ஏதோ நெளிகிறது. ஒன்றன் மேல் ஒன்று ஏறி, அடியில் புகுந்து, மறுபடி மேலே வந்து. தட்டில் கொட்டிய இடியாப்பத்துக்கு உயிர் வந்தாற்போல் இருந்தது.

"பாம்புப் பண்ணை," என்றார் அத்தை, தீர்ப்புச் சொல்கிற குரலில்.

"பாம்பில்ல அத்தை, மீன். விலாங்கு ஜாதி."

"எனக்கே விலாங்கா? தொண்டிக் கரையில பொறந்தவ நான். வலையில அஞ்சாலை வந்துச்சுன்னா ஆம்பளைங்களே ரெண்டடி தள்ளித்தான் நிப்பாங்க."

அத்தை சொன்னதில் தப்பில்லை. அஞ்சாலையும் விலாங்கு வரிசைதான், கடித்தால் எளிதில் விடாது. ஆனால் அது பவளப் பாறை இடுக்கில் இருப்பது. இந்தக் காணொளியில் நெளிவது இருப்பதோ வெளிச்சமே எட்டாத ஆழத்தில். அதைச் சொல்லி முடிக்க எனக்கு ஒரு தே சியும் அத்தைக்கு இரண்டு தே ஓ கோசோங்கும் ஆயின. சர்க்கரை வியாதி வந்ததிலிருந்து அவருக்குக் கோசோங்தான்.

பெயரிலிருந்து ஆரம்பித்தேன். இந்த மீனின் அறிவியல் பெயர் இலியோஃபிஸ் ஆர்க்ஸ். 1976இல் வைத்தது. இலியோஃபிஸ் என்றால் கிரேக்கத்தில் சேற்றுப் பாம்பு. இதைச் சொன்னதும் அத்தை முகத்தில் வெற்றிக் களை. "நான் என்ன சொன்னேன்!" ஆர்க்ஸ் என்பது லத்தீன் சொல், மலை உச்சிக் கோட்டை என்று பொருள். பெயர் வைத்தவர் எதை நினைத்து வைத்தாரோ, நாற்பது வருஷத்துக்கு அப்புறம் இந்த மீன் கூட்டமாக அகப்பட்டது ஒரு மலை உச்சியில்தான். அது பிறகு.

இது சேர்ந்த குடும்பத்தை ஆங்கிலத்தில் கழுத்தறுபட்ட விலாங்குகள் என்ற பொருளில் அழைக்கிறார்கள். மற்ற மீன்களுக்குச் செவுள் திறப்பு தலையின் இரு பக்கமும் இருக்கும். இவற்றுக்கு அது கீழே இறங்கி, தொண்டைப் பக்கம் கத்தியால் கீறினாற்போல் இருக்கிறது. "கழுத்தறுப்புன்னா எனக்கும் ஒருத்தனத் தெரியும்," என்று அத்தை என்னைப் பார்த்தார். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விலாங்கைப் பற்றி நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. பாம்புக்குத் தலையைக் காட்டும், மீனுக்கு வாலைக் காட்டும் என்று. இரண்டு பக்கமும் ஆடுகிற ஆளைச் சொல்வதற்கு. உடம்பை வைத்துப் பார்த்தால் விலாங்கின் மேல் போட்ட பழி அது. செவுள் இருக்கிறது, துடுப்பு இருக்கிறது, முட்டை தண்ணீரில்தான் பொரிகிறது. தலை முதல் வால் வரை மீன். உண்மையில் ஆள்மாறாட்டம் செய்கிறது இன்னொன்று. சைனாடவுன் ஈரச்சந்தையில் பேசினில் உயிரோடு நெளிகிறதே, மலாய்க்காரர்கள் பெலூட் என்பது, அது பார்க்க விலாங்கு மாதிரியே இருக்கும், ஆனால் விலாங்கு வரிசையே கிடையாது. சேற்றில் வாழும் வேறு ஒரு மீன் அந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

"சரி, இது எங்க இருக்கு? அதச் சொல்லு."

ஆழத்தை எப்படிச் சொல்வது? மூவாயிரம் மீட்டர் என்றால் அத்தைக்கு ஒன்றும் தோன்றாது, எனக்கும்தான். புக்கிட் தீமா குன்று 164 மீட்டர், அதைப் பதினெட்டு தடவை அடுக்கு என்றேன். எடுபடவில்லை. பிறகு தண்டவாளத்தைக் காட்டினேன். சுவா சூ காங்கில் ஏறினால் அடுத்த நிலையம் புக்கிட் கோம்பாக். நேர்க்கோட்டில் அளந்தால் மூன்று கிலோமீட்டர் சொச்சம். அந்தத் தூரத்தை அப்படியே நிமிர்த்தி நிறுத்தி, மேலிருந்து கீழ் வரை உப்புத் தண்ணீரை ஊற்று. அடியில் புக்கிட் கோம்பாக் நடைமேடையில் நிற்கிறது நம்ம விலாங்கு. சூரிய வெளிச்சம் பயணத்தின் ஆரம்பத்திலேயே முடிந்துவிடும். மிச்சம் முழுக்க இருட்டு. தண்ணீரின் குளிர் ஃபிரிட்ஜை விட அதிகம், இரண்டு டிகிரி அளவில்.

"அவ்வளவு தண்ணி மேல உக்காந்தா நசுங்கிடாதா?"

இதற்குப் பதில் பக்கத்து மேசையில் இருந்தது. ஒருவர் தே டாபாவ் வாங்கி, ரப்பர் பேண்ட் போட்ட பிளாஸ்டிக் பையை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். அந்தப் பையில் பாதி காற்று இருந்தால் கையால் அமுக்கினால் உள்ளே போகும். விளிம்பு வரை தேத்தண்ணி நிரப்பிக் கட்டினால்? எங்கே அமுக்குவது? காற்றைத்தான் நசுக்க முடியும், தண்ணீரை அல்ல. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் முந்நூறு கிலோ பாரம். அதிலும் தண்ணீர் சுருங்குவது நூற்றில் ஒரு பங்கு சொச்சம்தான். மீன் பெரும்பாலும் தண்ணீர், நம்மைப் போல் நுரையீரல் கிடையாது. உள்ளேயும் அதே அழுத்தம், வெளியேயும் அதே அழுத்தம். மூட்டையைத் தூக்குகிறவனுக்குத்தான் கனம், மூட்டைக்குள் இருக்கும் அரிசிக்கு என்ன?

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. உடம்பு நசுங்காவிட்டாலும், உடம்புக்குள் இருக்கும் புரதங்கள் அந்த அழுத்தத்தில் மடிப்புக் கலைந்துபோகும். வேலை நின்றுவிடும். அதைத் தாங்க மீன்கள் ஒரு வேதிப்பொருளை உடம்பில் சேர்த்து வைக்கின்றன. அதன் பெயர் டிரைமெத்திலமைன் ஆக்சைடு. ஆழம் கூடக் கூட மீனுக்குள் அதுவும் கூடுகிறது. பெயரைக் கேட்டு அத்தை முகம் சுளித்தார். ஆனால் அவருக்கு அது நாற்பது வருஷப் பழக்கம். மீன் செத்த பிறகு பாக்டீரியா இந்தப் பொருளை உடைத்து டிரைமெத்திலமைன் ஆக்குகிறது. நாம் மீன் கவிச்சி என்கிறோமே, அதில் பெரும்பங்கு அதுதான். அத்தை மீன் கழுவும்போது கடைசித் தண்ணீரில் புளி கரைத்து ஊற்றுவார். கவிச்சி காரத் தன்மை கொண்டது. புளியின் அமிலம் அதைப் பிடித்துக் கட்டிவிடும், வாடை காற்றில் ஏறாது.

"அப்ப ஆழத்து மீனு ரொம்ப நாறுமா?"

நாறத்தான் வேண்டும். இப்படி ஒரு கேள்வியை நான் எந்த விஞ்ஞானக் கட்டுரையிலும் பார்த்ததில்லை.

இனி காணொளிக்கு வருவோம். பசிபிக்கில் ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் நடுவே கிளாரியன் கிளிப்பர்டன் வட்டாரம் என்று ஒரு பெரும் பரப்பு. 2018இல் ஹவாய்ப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கிலோ மோவானா என்ற கப்பலில் அதன் மேற்குப் பகுதிக்குப் போனார்கள். அங்கே கடலுக்கு அடியில் மலைகள் இருக்கின்றன, பெரும்பாலும் யாரும் எட்டிப் பார்க்காதவை. மலை உச்சியிலும் அதைச் சுற்றிய சமவெளியிலும் அவர்கள் இறக்கியது ஓர் உலோகச் சட்டம். சட்டத்தில் ஒரு கேமரா, விளக்கு, பேட்டரி, கனத்துக்கு எடைக்கட்டி, கேமராவுக்கு எதிரே இரையாக ஒரு கிலோ அளவில் கானாங்கெளுத்தி இன மீன். கயிறு கிடையாது. தானாக மூழ்கித் தரையில் உட்காரும். வேலை முடிந்ததும் கப்பலிலிருந்து ஒலிச் சமிக்ஞை போகும், சட்டம் எடையைக் கழற்றிவிட்டு மேலே மிதந்து வரும்.

அப்படி ஓர் உச்சியில், மூவாயிரம் மீட்டருக்கும் கீழே, அந்த ஒரு கிலோ மீனுக்கு வந்தவைதான் இவை. ஒரே சமயத்தில் 115. அந்த ஆழத்தில் அதுவரை யாரும் ஒரே இடத்தில் இத்தனை மீன் பார்த்ததில்லை. பொறி வைத்துச் சிலவற்றைப் பிடித்துப் பார்த்துத்தான் இலியோஃபிஸ் ஆர்க்ஸ் என்று உறுதி செய்தார்கள். உலக அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து அந்த மீன் பத்துக்கும் குறைவாகத்தான் இருந்தது அப்போது. அஸ்ட்ரிட் லைட்னர், ஜெஃப் டிரேசன், கிரெக் ஸ்மித் முதலானோர் 2020இல் இதை எழுதி வெளியிட்டார்கள்.

"நூத்திப் பதினஞ்சுன்னு எப்படி எண்ணுனாங்க? இந்தக் குப்பலுக்குள்ள?"

நல்ல கேள்வி. மீன் துறையில் எல்லோரும் முதலில் இடறுகிற இடம் இது. மறுபடி மைனாவைக் காட்டினேன். இந்த மேசைக்குக் காலையிலிருந்து எத்தனை மைனா வந்தது என்று கேட்டால் சொல்ல முடியாது. போனதே திரும்ப வந்திருக்கும், அதை இரண்டாகவும் மூன்றாகவும் எண்ணியிருப்போம். அதனால் அதைக் கேட்பதில்லை. ஒரு போட்டோ எடு, அதில் எத்தனை இருக்கிறது பார். இன்னொரு போட்டோ எடு. எல்லாப் போட்டோவிலும் ஆக அதிகமாக ஒரே சட்டகத்தில் தெரிந்த எண்ணிக்கை எதுவோ அதை மட்டும் எழுதி வை. ஒரே நொடியில் ஒரே மைனா இரண்டு இடத்தில் இருக்க முடியாது இல்லையா? ஆக 115 என்பது வந்த மொத்தம் அல்ல. குறைந்தது இத்தனை இருந்தே தீர வேண்டும் என்கிற கணக்கு. சட்டகத்துக்கு வெளியே நெளிந்தவற்றுக்குக் கணக்கில்லை.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பக்கத்து மேசையில் மைனா மூன்று இருந்தன.

ஏன் மலை உச்சி? சுற்றிலும் இருந்த சமவெளியில் இதே இரைக்கு இப்படிக் கூட்டம் சேரவில்லை. ஆழ்கடலில் சாப்பாடு மேலிருந்து விழுவதுதான். செத்த நுண்ணுயிர், கழிவு, சளி எல்லாம் ஒட்டித் தூசிபோல இறங்கும். வழியிலேயே மற்றவை தின்றுவிடுவதால் அடிக்கு வருவது மிகச் சொற்பம். சமவெளியில் இருக்கிறவன் பஞ்சத்தில் இருக்கிறவன். மலை என்று ஒன்று நின்றால் நீரோட்டம் அதில் மோதி விலகி, உச்சியில் வேகம் எடுக்கும், நீரோடு வரும் சின்ன உயிர்களும் அங்கே கூடுதலாகக் கிடைக்கும். தேக்காவில் கூட்டமான சந்து ஓரம் கடை போடுகிற புத்திதான். விலாங்குகளுக்கு மோப்பம் பிரமாதம். கானாங்கெளுத்தியின் எண்ணெய் வாடை ஓட்டத்தில் இழுபட்டுப் போக, அதைப் பிடித்துக்கொண்டு ஓட்டத்துக்கு எதிராக நீந்தி வந்து சேர்கின்றன.

மலை உச்சியில் கூடுவது இந்தக் குடும்பத்துக்குப் புதிதும் அல்ல. அமெரிக்க சமோவா பக்கத்தில் வைலுலு என்ற கடலடி எரிமலைக்குள் நஃபானுவா என்று ஒரு சின்னக் கூம்பு. 2005இல் நீர்மூழ்கியில் போனவர்கள் அதன் உச்சியில் இதே குடும்பத்து விலாங்குகள் நூற்றுக்கணக்கில் பாறை இடுக்குகளிலிருந்து வெளிவருவதைப் பார்த்துவிட்டு, விலாங்கு நகரம் என்றே பெயர் வைத்தார்கள். அது ஆழம் குறைந்த இடம், அதனால் சாதனைக் கணக்கில் வராது.

இன்னொரு சொந்தக்காரனின் கதையைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன், அத்தை பிராட்டாவை முடிக்கவில்லை. சொல்லிவிட்டேன். மூக்கு மழுங்கிய ஒரு விலாங்கு உண்டு இந்தக் குடும்பத்தில். 1992இல் நியூயார்க் அருகே மாண்டாக் கரைக்குக் கொண்டுவந்த மாக்கோ சுறா ஒன்றை அறுத்தபோது, அதன் இதயத்துக்குள் இரண்டு இருந்தன. வயிற்றில் அல்ல, இதயத்தில். சுறாவின் இரத்தத்தைக் குடித்துக்கொண்டு. அத்தை தட்டைத் தள்ளி வைத்தார். என் தப்புதான்.

பேச்சை மாற்றக் குஞ்சுகளைப் பற்றிச் சொன்னேன். விலாங்கு எதுவானாலும் அதன் குஞ்சு விலாங்கு மாதிரி இருக்காது. கண்ணாடித் தாளில் வெட்டிய வெற்றிலை போல் தட்டையாக, ஊடுருவிப் பார்க்கலாம் போல் இருக்கும். வெகு காலம் அதை வேறு மீன் என்றே எண்ணித் தனிப் பெயர் கொடுத்திருந்தார்கள். 1890களில் இத்தாலியில் கிராஸியும் கலாந்துரூச்சியோவும் தொட்டியில் வளர்த்துப் பார்த்து, இது விலாங்காக மாறுகிறது என்று கண்டார்கள். நம்ம கழுத்தறுபட்ட குடும்பத்துக் குஞ்சுகளுக்கு மேலும் ஒரு விசேஷம். கண் உருண்டையாக இல்லாமல் தொலைநோக்கிக் குழாய் மாதிரி நீண்டிருக்கும்.

வங்கக் கடலிலும் இக்குடும்பம் உண்டு. இன்வெஸ்டிகேட்டர் என்ற அளவைக் கப்பலில் மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் போன அல்காக், 1889இலேயே ஒன்றை விவரித்து, டிஸ்ஸோம்மா பூகெஃபாலஸ் என்று பெயர் வைத்தார். பூகெஃபாலஸ் என்றால் காளைத் தலை. தொண்டிக் கரைக்கு அது வராது. அத்தை பார்த்திருக்க வழியில்லை.

"அப்ப நம்ம ஆத்து விலாங்கு? எங்க ஆத்தா வாய்க்கால்ல புடிச்சுக் கொழம்பு வெப்பாங்களே, அதுக்கும் இதுக்கும் உறவு உண்டா?"

உண்டு, ஆனால் நேர் உறவு இல்லை, பெரிய பாட்டன் வழி. ஆற்று விலாங்கு வாழ்வது ஆற்றில், முட்டையிடப் போவது கடலுக்கு. ஜப்பானியர்கள் உனாகி என்று சுட்டுத் தின்கிற விலாங்கின் முட்டையைத் தேடித் தேடி, கடைசியில் 2009இல் மரியானாத் தீவுகளுக்கு மேற்கே நடுக்கடலில் எடுத்தார்கள். ஆற்று மீன் ஏன் அவ்வளவு தூரம் போகிறது? 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் விலாங்கு வகைகளின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஆற்று விலாங்குக்கு ஆக நெருங்கிய உறவினர் ஆற்றிலும் இல்லை, கரையோரத்திலும் இல்லை என்று தெரிந்தது. உடம்பே வாயாக இருக்கும் பெலிக்கன் விலாங்கு, நூல் போல மெலிந்த உள்ளான் மூக்கு விலாங்கு, எல்லாம் நடு ஆழத்து இருட்டில் நீந்துகிறவை. அவற்றின் மூதாதைதான் ஆற்றுக்கு வந்திருக்கிறது, தீனி தேடி. பிள்ளை பெற மட்டும் இன்னும் தாய் வீட்டுக்குப் போகிறது.

"அதானே," என்றார் அத்தை. அவருடைய மூன்று பிள்ளைகளும் தொண்டியில் பிறந்தவர்கள்.

அப்புறம் அவர் கேட்டதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. "அந்த எடம் யாருது?"

யாருடையதும் இல்லை, எல்லோருடையதும். நாடுகளின் எல்லைக்கு அப்பாற்பட்ட கடலடி மனித குலத்தின் பொதுச் சொத்து என்று 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட ஒப்பந்தம் சொல்கிறது. அந்த ஒப்பந்தத்தை முடித்து வைத்த மாநாட்டுக்குத் தலைவராக இருந்தவர் சிங்கப்பூரின் டாமி கோ. பொதுச் சொத்தை மேற்பார்க்க ஜமைக்காவில் சர்வதேசக் கடலடி ஆணையம் இருக்கிறது. அந்த ஆணையத்தோடு 2015இல் கெப்பல் குழுமத்தைச் சேர்ந்த ஓஷன் மினரல் சிங்கப்பூர் நிறுவனம் ஓர் ஒப்பந்தம் போட்டது, நம் அரசின் ஆதரவோடு. இதே கிளாரியன் கிளிப்பர்டன் வட்டாரத்தில் 58,000 சதுர கிலோமீட்டரை ஆராய்வதற்கு. நம் தீவைப் போல் ஏறக்குறைய எண்பது மடங்கு.

அங்கே என்ன? உருளைக்கிழங்கு அளவில் கறுப்பு உருண்டைகள், தரையில் சிதறிக் கிடக்கின்றன. மாங்கனீசு, நிக்கல், செம்பு, கோபால்ட். பத்து லட்சம் வருஷத்தில் சில மில்லிமீட்டர் வளர்கிறவை. இந்தியாவும் இந்தியப் பெருங்கடல் நடுவில் 75,000 சதுர கிலோமீட்டர் வைத்திருக்கிறது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், மூன்று பேரை ஆறாயிரம் மீட்டருக்கு இறக்க மத்ஸ்யா 6000 என்ற கலத்தைக் கட்டிவருவது இதற்கும் சேர்த்துத்தான்.

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 115 விலாங்கு வந்த மலை சிங்கப்பூரின் பகுதியில் இல்லை. அது சுரங்கத்துக்கு ஒதுக்காமல் பாதுகாத்து வைத்த மேற்குப் பக்கம். உருண்டைகள் கிடப்பதும் மலை உச்சியில் அல்ல, நாலாயிரம் மீட்டருக்குக் கீழே சமவெளியில். சிங்கப்பூரின் ஒப்பந்தமும் ஆராய்வதற்குத்தான், அள்ளுவதற்கு அல்ல. ஆகவே காணொளியைக் காட்டி விலாங்கைக் கொல்லாதே என்று கொடி பிடிக்கிறவர்கள் ஒரு படியைத் தாண்டிப் போகிறார்கள். ஆனால் உருண்டைகளை அள்ளும் இயந்திரம் மேல் சேற்றையும் சேர்த்துத்தான் அள்ளும், கிளம்புகிற கலங்கல் மலைக்கும் சமவெளிக்கும் எல்லைக்கோடு பார்க்காது. அங்கே ஒன்றும் இல்லை என்று கணக்கெழுதுகிறவர் அதற்கு முன்னால் ஒரு கிலோ கானாங்கெளுத்தியாவது செலவு செய்திருக்க வேண்டும். என் கட்சி அவ்வளவுதான்.

சிங்கப்பூர்க்காரர்களும் சும்மா இருக்கவில்லை. அந்த உருண்டைகளின் மேல் சில மில்லிமீட்டர் அகலத்தில் ஒட்டி வாழும் கடற்பஞ்சு ஒன்றை, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் லிம் சுவீ செங்கும் வெளிநாட்டுச் சகாக்களும் 2017இல் விவரித்தார்கள். உடம்புக்குள் நட்சத்திர வடிவ முட்கள் நிறைந்திருப்பதால் பிளீனாஸ்டர், கூடவே கிரெக் ஸ்மித்தின் பெயரைச் சேர்த்து பிளீனாஸ்டர் கிரெகி. விலாங்குக் கட்டுரையில் வந்த அதே கிரெக் ஸ்மித். கெந்திங் மலையில் ஊர்க்காரரைச் சந்திக்கிற மாதிரி இருந்தது எனக்கு.

அத்தை இரண்டாவது தே ஓவைக் குடித்து முடித்துவிட்டு என் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சப் பிராட்டா இருந்த தட்டை நான் எடுக்கப் போனேன், ரேக்கில் திருப்பி வைக்காவிட்டால் இங்கே அபராதம்.

"இருடா," என்று என் கையைப் பிடித்தார். "கொஞ்சம் அப்படியே வுடு."

முதலில் ஒன்று வந்தது. அப்புறம் மூன்று. கூரை விளிம்பிலிருந்து இரண்டு. ஒன்று பறந்து போய் வேறொன்று வந்தது, அல்லது அதுவேதானோ. அத்தை உதட்டை அசைத்துக்கொண்டே பார்த்தார், விரட்டவில்லை.

"ஏழு," என்றார். "ஒரே சமயத்துல."